சுடுதண்ணீரில் மிதந்த துணுக்கு

மனித உடம்பில் எத்தனை வகை இழையம், அதாவது திசு, என்று யாராவது கேட்டால், டிப்ளோமா முடித்துவிட்டு லெப் வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கச்சிமார் நீங்கள் யோசிக்காமல் நாலு என்பீர்கள். நானும் நாலு என்றுதான் சொல்வேன். நீங்கள் அதைப் புத்தகத்தில் படித்தீர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வெள்ளவத்தையில் ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில் தரை துடைக்கப் போய், பிறகு போத்தல் கழுவி, பிறகு மெழுகு உருக்கி, கடைசியில் இழையம் சீவுகிற மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து இருபத்தாறு வருடம் வேலை செய்தவன். முருகன் கொடுத்த வேலை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதில் எனக்கு நிறையப் பெருமை உண்டு. அந்தப் பெருமையே ஒருமுறை என்னைக் கவிழ்க்கப் பார்த்தது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் டொக்டரம்மா என்னைவிடப் பத்து வயது இளையவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், இரத்மலானையில் தாயோடு இருந்தார். பெயரை எழுதினால் கோபிப்பார் என்பதால் விட்டுவிடுகிறேன். ஒருநாள் மழையில் கரண்ட் போய், எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தபோது, "டொக்டரம்மா, நான் தினமும் சீவுறேனே, இது என்னா ஏதுன்னு ஒண்ணுமே தெரியாமச் சீவுறேங்களே" என்று நான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு என் கையைப் பிடித்து மேசையில் வைத்தார்.

"உங்கட கையைப் பாருங்கோ. மேல தோல். அது மூடுறது. மேலணி இழையம். வாய்க்குள்ள, வயித்துக்குள்ள, குடலுக்குள்ள எல்லாம் அதுதான் மூடி நிக்குது. காக்கிறதும் அதுதான், உறிஞ்சிறதும் அதுதான், எச்சில் ஊற வைக்கிறதும் அதுதான். தோலுக்குக் கீழ கொழுப்பு, எலும்பு எல்லாம் தாங்கிப் பிடிக்கிற கூட்டம். தொடுப்பிழையம். விரலை மடக்குங்கோ பாப்பம். மடக்கினது தசை. இப்ப சூடான தேத்தண்ணிக் கோப்பையில கை பட்டால் டக்கெண்டு இழுப்பீங்களே, அந்தச் சேதியைக் கொண்டு போறது நரம்பு. நாலும் உங்கட ஒரு கையிலேயே இருக்கு."

"அப்ப ரத்தங்க?"

"அதுவும் தொடுப்பிழையம்தான்."

"ஓடிக்கிட்டே இருக்கிறது எப்படிங்க தாங்கிப் பிடிக்கும்?"

"முழு உடம்பையும் ஒண்டோட ஒண்டு சேர்த்து வைக்குதே, அது போதாதே?"

அன்றிலிருந்து நான் சீவுகிற ஒவ்வொன்றையும் சாயம் ஏற்றியபின் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பேன். சாயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அதற்குமேல் பார்த்தது என் ஆசை. மேலணி இழையத்தின் உயிரணுக்கள் சங்கக்கடைக் கியூவில் நிற்பதுபோல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். தசை நூல் நூலாகக் கிடக்கும். தொடுப்பிழையத்தில் அணுக்கள் தள்ளித் தள்ளி இருக்கும், நடுவில் நிறைய இடம். நரம்பணு வாலும் கொம்புமாக இருக்கும். கடவுள் நாலே நாலு சாமானை வைத்துக்கொண்டு இத்தனை பேரைப் படைத்திருக்கிறாரே என்று நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றும். இழையத் துண்டு புதைந்த ஒவ்வொரு மெழுகுக் கட்டியையும் மெஷினில் பூட்டும்போது "முருகா" என்று ஒருமுறை சொல்வேன். உள்ளே இருப்பது யாரோ ஒருவருடைய உடம்பு.

கவுண்டரில் இருந்த சிங்களத் தங்கச்சிக்கு இது வேடிக்கை. என்னை அவள் கூப்பிடுவது அய்யே, சிங்களத்தில் அண்ணன். வெள்ளிக்கிழமைகளில் என் சோற்றுப் பார்சலை எட்டிப் பார்ப்பாள். "அய்யே, நாள் முழுக்க இறைச்சி வெட்டிட்டு, சாப்பாட்டில மட்டும் பருப்பா?" என்பாள். "வெட்டுறது வேலை, சாப்பாடு விரதம்" என்று நானும் சிங்களத்திலேயே சொல்வேன். ஒவ்வொரு வெள்ளியும் கேட்பாள். ஒவ்வொரு வெள்ளியும் சிரிப்பாள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். யுத்த காலம். எனக்கு வீடு கொட்டாஞ்சேனையில். வாசலிலேயே திருநீற்றை அழித்துவிட்டுப் பஸ் ஏறி, லெப்புக்கு வந்தபிறகு மறுபடி பூசிக்கொண்ட காலம். சட்டைப்பையில் அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, வேலைக் கடிதம் மூன்றும் இருக்கும். மூன்றிலும் வேலைக் கடிதம்தான் பெரிது. "கொழும்பில் உனக்கு என்ன வேலை?" என்று கேட்டால் நீட்டுவதற்கு என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

அன்று விடியும்போதே ஆமிக்காரர்கள் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். ஆண்களையெல்லாம் இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். என் முறை வந்து, கடிதத்தைப் படித்து, போ என்று விட்டபோது மணி ஒன்பதரை. லெப்புக்கு வந்து சேரப் பதினொன்றாகிவிட்டது.

அங்கே எனக்காக ஒன்பது மெழுகுக் கட்டிகள் காத்திருந்தன. அதில் ஒன்று அவசரம். கழுத்தில் நெறி கட்டிய ஒரு பெண், முப்பது வயது. கழுத்திலிருந்து அந்த நெறியை எடுத்து அனுப்பியிருந்தார்கள். சர்ஜன் பதில் கேட்டு இரண்டு முறை போன் பண்ணிவிட்டாராம். டொக்டரம்மா இரண்டரைக்கு வீட்டுக்குப் போகவேண்டும், தாய்க்குச் சுகமில்லை.

நான் சீவினேன். தம்பிமாரே, கெட்டித்தனம் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். என்னைப் போல் மெல்லிசாகச் சீவ அந்த நாளில் கொழும்பில் அதிகம் பேர் இல்லை. நாடா போல நெளிந்து நெளிந்து வரும், எங்கும் கிழியாது. அதைச் சுடுதண்ணீர்த் தட்டில் மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் கண்ணாடிச் சிலைட்டால் அள்ளி எடுக்கவேண்டும். ஒரு கட்டி முடிந்ததும், அடுத்ததைத் தொடுவதற்கு முன், ஒரு வெள்ளைத் தாளைத் தண்ணீரின் மேல் இழுத்து, மிச்சம் மிதக்கும் துணுக்குகளை எடுத்துவிடவேண்டும். உங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எனக்கும் சொல்லிக் கொடுத்தார்கள்.

பன்னிரண்டரைக்குச் சீவி முடித்தேன். இரண்டு மணிக்கு டொக்டரம்மா சிலைட்டுகளைப் பார்த்தார். சர்ஜனுக்குப் போன் பண்ணினார். ரிப்போர்ட் டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, கவரில் ஒட்டி, கவுண்டரில் வைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் பஸ்ஸுக்குப் போனார்.

மூன்று மணிக்கு நான் சிலைட்டுகளை அடுக்க உட்கார்ந்தேன். டொக்டரம்மா என்ன கண்டுபிடித்தார் என்று ரிப்போர்ட்டின் பிரதியைப் பார்த்து, பிறகு நானும் சிலைட்டைப் பார்ப்பது வழக்கம். எனக்கு அதுதான் பள்ளிக்கூடம். கழுத்து நெறியின் பிரதியில் புற்றுநோய் என்று இருந்தது. வேறெங்கிருந்தோ பரவி வந்தது, வயிற்றிலிருந்தோ குடலிலிருந்தோ இருக்கலாம் என்று இருந்தது. நாளைக் காலையில் வயிற்றைத் திறந்து பார்க்கப்போகிறார்கள் என்று டொக்டரம்மா போனில் பேசியதை நான் காதால் கேட்டிருந்தேன்.

சிலைட்டை வைத்துக் கண்ணைக் கொடுத்தேன். நெறி, தொடுப்பிழையத்தைச் சேர்ந்தது. உள்ளே வெள்ளை அணுக்கள் கடுகைக் கொட்டிப் பரப்பியதுபோல் இருக்கும். எங்கும் கடுகுதான். ஒரு ஓரத்தில் மட்டும், கொஞ்சம் தள்ளி, சின்னத் துணுக்கு. அதில் மோதிரம் மோதிரமாக மேலணி இழையம். ஒழுங்கு கெட்டுப்போன மோதிரங்கள். நெறிக்குள் மேலணி இழையத்துக்கு வேலையே இல்லை. அங்கே இருந்தால் வேறு உறுப்பிலிருந்து புற்றாக ஏறி வந்திருக்கிறது என்று அர்த்தம். டொக்டரம்மா எழுதியதில் பிழை இல்லை.

ஆனால் அந்த மோதிரங்களை நான் அன்றே இன்னொரு இடத்தில் பார்த்திருந்தேன். அவசரக் கட்டி குளிரும் நேரத்தில், அதற்கு முன்னால் நான் சீவியது, ஒரு வயதானவருடைய வயிற்றுத் துண்டு. அந்தச் சிலைட்டை எடுத்து வைத்தேன். அதே மோதிரம். அதே நிறம்.

கழுத்து நெறியின் மெழுகுக் கட்டியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே அவரைவிதை போல ஒரே ஒரு துண்டு. ஓரத்தில் ஒன்றும் இல்லை. சிலைட்டில் இரண்டு, கட்டியில் ஒன்று. கட்டியில் இல்லாதது சிலைட்டுக்கு எப்படி வந்தது? தண்ணீரில் மிதந்து வந்தது. நான் தாள் இழுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கவுண்டரில் ஒரு குரல் கேட்டது.

"தங்கச்சி, ரிப்போட் ரெடியெண்டால் தாங்கோ. நாலு மணிக்குள்ள சர்ஜனிட்டக் குடுக்கவேணும்."

அந்தப் பெண்ணின் கணவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் லொட்ஜில் தங்கியிருந்த வாத்தியார். மனைவியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்திருந்தார். தங்கச்சி கவரை எடுத்து நீட்டிவிட்டாள். நான் ஓடிப்போய் நடுவில் கையை வைத்தேன்.

"ரிப்போர்ட் இன்னும் ஆகலீங்க ஐயா."

"மொகத அய்யே?" என்றாள் தங்கச்சி, என்ன இது என்று. "ஒட்டிக்கூட வச்சிருக்கே!"

"ஒரு சின்ன வேலை பாக்கி இருக்குங்க" என்று கவரை நான் வாங்கிக்கொண்டேன்.

வாத்தியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆர் நீங்கள்? டொக்டரோ?"

"இல்லீங்க. சீவுறவன்."

"சீவுறவருக்கு ரிப்போட்டில என்ன அலுவல்?"

நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியைத்தான் நானும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்புப் படித்தவன், டொக்டர் கையெழுத்துப் போட்ட தாளைப் பிடித்து வைத்திருக்கிறேன். நான் நினைப்பது பிழையாக இருந்தால், புற்றுநோய் உள்ள ஒரு பெண்ணின் வைத்தியத்தைத் தாமதப்படுத்திய பாவம் எனக்கு. சரியாக இருந்தால், பிழை என்னுடையது, வேலை போகும், வேலையோடு கடிதமும் போகும். அடுத்த சுற்றிவளைப்பில் எதை நீட்டுவேன்? வீட்டில் மனைவி, மூன்று பெண் பிள்ளைகள்.

பேசாமல் கவரைக் கொடுத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியவராது. ஒன்றுமில்லாத ஒரு வயிற்றை நாளைக் காலையில் திறப்பார்கள், அவ்வளவுதான்.

டொக்டரம்மா வீட்டுக்குப் போன் பண்ணினேன். தாய்தான் எடுத்தார். இன்னும் வந்து சேரவில்லை என்றார். வைத்துவிட்டு நின்றேன். வாத்தியார் கவுண்டர் மேசையில் தட்டிக்கொண்டே இருந்தார். "எங்கட சனமே எங்களுக்கு இப்பிடிச் செய்தால் பிறகு ஆரிட்டப் போறது?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். சுவருக்குச் சொன்னாலும் அது எனக்குத்தான். இருபது நிமிடம் கழித்து மறுபடி போன் பண்ணினேன். டொக்டரம்மா எடுத்தார்.

"டொக்டரம்மா, நான் ஒரு பிழை பண்ணிட்டேங்க."

"என்ன பிழை? ஆறுதலாச் சொல்லுங்கோ."

சிலைட்டில் கண்டதையும் கட்டியில் காணாததையும் சொன்னேன்.

"தண்ணியைத் துடைக்கேல்லையோ?"

"இல்லீங்க."

"விடியக் காலமையிலிருந்து ரோட்டில நிண்டு களைச்சுப்போய் வந்தனீங்கள். ஒரு நாள் மறந்துபோயிருப்பீங்கள். அது மனிசருக்கு வாறதுதான்."

தம்பிமாரே, இந்த இடத்தில் நில்லுங்கள். எனக்கு ஒரு கதவு திறந்துவிட்டார் பாருங்கள். ஆமாங்க, ஆமிக்காரன் நிறுத்திவிட்டான், தலை சுற்றியது, மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அதில் முக்கால்வாசி உண்மைகூட. கேட்பவர் யாரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் மறைக்கிற அந்தக் கால்வாசி இருக்கிறதே, அதற்கு விலை கொடுப்பது யாரோ முகம் தெரியாத ஆட்கள்.

"இன்னைக்கு மட்டும் இல்லீங்க டொக்டரம்மா" என்றேன். "தீபாவளி கழிஞ்சதுல இருந்தே ஒவ்வொரு கட்டிக்கும் தாள் இழுக்கிறது இல்லீங்க. தண்ணி பார்க்கச் சுத்தமா இருந்தா விட்டுருவேன். என் கண்ணே போதும்னு நினைச்சிட்டேங்க."

தீபாவளி கழிந்து ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கு மேல், ஆகியிருந்தது. ஐந்து கிழமை என்றால் எத்தனை கழுத்து, எத்தனை வயிறு, எத்தனை மார்பு! அவை எல்லாவற்றையும் இனித் தேடிப் பார்த்தாகவேண்டும்.

"கட்டியைக் குளிர வையுங்கோ, திரும்பச் சீவவேணும்" என்றார். "தண்ணியை முழுசா மாத்துங்கோ. ரிப்போட்டைக் குடுக்கவேண்டாம். நான் ட்ரெயின்ல வாறன்."

நாலரைக்கு வந்தார். கடற்கரை ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்ததில் சேலை ஓரமெல்லாம் மணல். என் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். அவர் பார்க்க, கட்டியை ஆழம் ஆழமாக மூன்று இடத்தில் சீவினேன். ஒவ்வொன்றுக்கும் தாள் இழுத்தேன். சாயம் ஏற்றிக் கொடுத்தேன். மூன்று சிலைட்டையும் மூலைக்கு மூலை பார்த்தார். கடுகு, கடுகு, கடுகு. மோதிரம் எங்கும் இல்லை. வெறும் சளி நெறி. ஏதோ ஒரு காய்ச்சலுக்குக் கட்டியது.

பிறகு முதல் சிலைட்டை எடுத்து வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இந்தத் துணுக்கு மற்றதைவிடக் கொஞ்சம் மேலுக்கு நிக்குது, பிறகு வந்து ஒட்டினமாதிரி. கவனிச்சனீங்களே?"

"இல்லீங்க."

"நான் கவனிச்சனான். மத்தியானமே கண்டனான். அம்மாவை நினைச்சுக்கொண்டு, கட்டியை எடுத்துப் பார்க்காமல் எழுதிப்போட்டன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிழையில பாதி என்ர."

அவரைப் பற்றி எத்தனையோ சொல்லலாம். இது ஒன்று போதும். சர்ஜனுக்கு அவரே போன் பண்ணி, பிழை நடந்துவிட்டது என்று சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த இங்கிலீஷ் எனக்கு விளங்கவில்லை, சத்தம் விளங்கியது. என் பெயரை அவர் அங்கே சொல்லவில்லை. பழைய கவரைக் கிழித்தார். புதிதாக டைப் அடித்தார்.

ஐந்து கிழமைச் சிலைட்டுகளையும் பிறகு எட்டு நாள் உட்கார்ந்து, கட்டியோடு கட்டியாக ஒப்பிட்டோம். கட்டியை வெளிச்சத்தில் பிடித்து எண்ணுவது நான், சிலைட்டைப் பார்ப்பது அவர். இன்னும் ஒரே ஒரு துணுக்குக் கிடைத்தது. ஒரு கருப்பைத் துண்டின் பக்கத்தில் ஒரு பொட்டுத் தோல். அதை அவர் அப்போதே வேறு ஆளுடையது என்று கண்டு தள்ளி வைத்திருந்தார். வேறு யாருக்கும் ஒரு தீங்கும் நடந்திருக்கவில்லை. அது முருகனுடைய கருணை. என் கெட்டித்தனம் என்று நான் சொல்லிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. வேலையிலிருந்து என்னை நிறுத்தவில்லை. ஆனால் அந்த எட்டு நாளும் என்னை நிறுத்தப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எண்ணினேன். அப்படி நினைத்துக்கொண்டும் ஒரு கட்டியைக்கூட ஒளிக்காமல் எண்ணினேன். என் பெருமைகளில் அதுவும் ஒன்று.

எல்லாவற்றிலும் பெரிய பெருமை அந்த முதல் நாள் மாலையே கவுண்டரில் நடந்தது. மணி ஐந்தரை தாண்டியிருந்தது. வாத்தியார் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, முழங்காலில் கையை ஊன்றி, தலையைக் குனிந்திருந்தார். டொக்டரம்மா கவரை அவர் கையில் கொடுத்தார்.

"உங்கட மனிசிக்குப் புற்றுநோய் இல்லை. சாதாரண நெறிதான். இனி ஒப்பரேஷன் ஒண்டும் தேவையில்லை. சர்ஜனோட நான் கதைச்சிட்டன்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. "இல்லையோ?" என்றார். டொக்டரம்மா தலையாட்டியதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. கவுண்டர் தங்கச்சி தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தார். முகத்தைத் துடைத்தார். எழுந்து என்னைப் பார்த்தார். பார்த்ததும் அவருக்குக் கோபம் திரும்பிவிட்டது.

"அண்ணை, ஒரு சொல்லுக் கேக்கிறன். இந்த நல்ல சேதியைக் கையில வைச்சுக்கொண்டே ரெண்டரை மணித்தியாலம் என்னை இதில இருத்தி வைச்சனீங்கள்? நான் இதில இருந்து என்னவெல்லாம் நினைச்சன் தெரியுமோ? நீங்கள் ஒரு மனிசரே?"

டொக்டரம்மா வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். அவர் அந்த முதல் கவருக்குள் என்ன இருந்தது என்று காணவில்லை. காணாத ஒன்றை எடுத்துக் காட்டி, சேதி கேட்டுக் குளிர்ந்த மனதில் மறுபடி நெருப்பை வைப்பானேன்?

"பிழைதாங்க ஐயா. நேரம் போயிருச்சு. மன்னிச்சுக்கங்க."

"இனியாவது நோயாளியின்ர ஆக்களை இப்பிடி வதைக்காதேங்கோ" என்றார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. கவரை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு காலி வீதிக்கு இறங்கி, பஸ்ஸை மறித்து ஏறிப் போய்விட்டார்.

ஓய்வுபெற்ற அன்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நல்ல வார்த்தைகள் நிறையச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து சுவாமி படத்துக்கு முன்னால் நின்றபோது அந்த வார்த்தைகளில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. நீங்கள் ஒரு மனிசரே என்று அந்த வாத்தியார் கேட்டதுதான் வந்தது. ஆமாங்க ஐயா என்று அன்றைக்கு அவருக்குச் சொல்லாத பதிலை, படத்துக்கு முன்னால் நின்று சுவாமிக்குச் சொன்னேன்.